திரையின் பாஷை

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தங்கள் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியபோது, அதன் திரையில் தோன்றிய ஒவ்வொரு வாக்கியமும், கோப்பு அகப்படவில்லை என்னும் முறையீடு முதல் வட்டில் இடமில்லை என்னும் எச்சரிக்கை வரையில், ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு, நிரலின் உடலோடு உடலாக ஒட்டியிருந்தது. அந்த யந்திரத்தின் 256 குறியீடுகளில் பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய பாஷைகளுக்குரிய விசேஷ எழுத்துகள் சிலவற்றுக்கும் இடம் இருந்தது வாஸ்தவமே. ஆனால் எழுத்துக்கு இடம் கொடுப்பது வேறு, பேச்சை மாற்றுவது வேறு. பேச்சை மாற்ற வேண்டுமானால் நிரலின் மூலத்தைத் திறந்து, வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பெயர்த்து, முழுவதையும் மறுபடி தொகுக்க வேண்டும். அந்தப் பிரயாசைக்குத் தகுந்த ஆதாயம் தரக்கூடிய தேசங்களுக்கே தனிப் பதிப்புகள் கிடைத்தன என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்தக் கட்டை அவிழ்த்த யோசனை, பார்வைக்கு மிகவும் சாமானியமானது. 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷில், புரூஸ் ஹார்ன் என்பவர் வகுத்த முறைப்படி, பட்டிகளின் (அதாவது மெனுக்களின்) சொற்களும் எச்சரிக்கை வாசகங்களும் சித்திரங்களும் நிரலினின்று பிரிக்கப்பட்டுத் தனியே வைக்கப்பட்டன; நிரல் எழுதத் தெரியாத ஒருவரும் அவற்றை மட்டும் எடுத்து மொழிபெயர்க்கலாம் என்றாயிற்று. யூனிக்ஸ் உலகத்தாரும் இதே கொள்கையைக் கைக்கொண்டார்கள். 1995-இல் வெளிவந்த க்னூ கெட்டெக்ஸ்ட் என்னும் கருவி, ஆங்கில வாக்கியத்தையே திறவுகோலாக வைத்துக்கொண்டு, பயனர் விரும்பும் பாஷையின் பட்டியலில் அதற்கு நேரானதைத் தேடும். அகப்பட்டால் அதைக் காட்டும். அகப்படாவிட்டால் மௌனமாக ஆங்கிலத்தையே காட்டிவிடும். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் திரையில் நாம் காணும் மணிப்பிரவாளத்துக்கு இந்தத் தயாள குணமே ஒரு முக்கிய காரணம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழுமை பெற்ற பிறகே வெளியிடுவதென்று காத்திருந்தால், அநேக பாஷைகள் திரையில் இன்னும் தலைகாட்டியே இரா.

தமிழின் சங்கடம் இதற்கும் ஒரு படி முந்தியது. எழுத்துகளே ஓர் ஒழுங்குக்கு வராத நிலையில், பட்டிகளை மொழிபெயர்ப்பது எங்ஙனம்? எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தார்கள். ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறும். உலக பாஷைகளுக்கெல்லாம் பொதுக் குறியீடாக 1991-இல் வெளியான யூனிகோடு, இந்திய அரசின் இஸ்கி முறையைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. ஆயினும் 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டிற்குப் பிறகு டாம், டாப் என்னும் குறியீடுகளும் ஒரு பொது விசைப்பலகையும் நிர்ணயமாயின. இவற்றுள் விசைப்பலகை நிலைத்தது. குறியீடுகள் யூனிகோடுக்கு வழிவிட்டன. 2000-இல் வந்த விண்டோஸ் 2000, லதா என்னும் எழுத்துருவுடன் தமிழை எழுதவும் காட்டவும் செய்தது. பட்டிகளோ ஆங்கிலத்திலேயே இருந்தன.

ஏறக்குறைய அதே காலத்தில் கே.டி.இ., க்னோம் முதலிய லினக்ஸ் முகப்புகளைத் தன்னார்வலர்கள் தமிழாக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய சிரமம் கலைச்சொற்களோடு முடிந்துவிடவில்லை. இன்ன கோப்பை இன்ன இடத்திலிருந்து நீக்கலாமா என்று கேட்கும் வாக்கியத்தில், கோப்பின் பெயரை யந்திரம் பிற்பாடு கொண்டுவந்து நிரப்பும்; அந்தப் பெயர் எந்த எழுத்தில் முடியும் என்பது முன்கூட்டித் தெரியாது; தமிழிலோ வேற்றுமை உருபு முன்னுள்ள சொல்லின் ஈற்றைப் பார்த்தே புணர வேண்டும். ஆகவே பெயருக்கும் உருபுக்கும் நடுவில் ஒரு சிறு கோட்டைப் போட்டுச் சமாளித்தார்கள். பண்டிதர்கள் முகம் சுளிக்கக்கூடிய தந்திரம் இது. நானாயிருந்தாலும் வேறு வழி கண்டிருக்க மாட்டேன்.

வியாபார நிறுவனங்களின் கதை வேறு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்ட் தமிழுக்குக் கொடுத்த இலவசத் தொகுப்பு, ஆங்கிலப் பதிப்பின் மேல் போர்த்திய மெல்லிய துணி. அடிக்கடி கண்ணில் படும் பகுதிகளை மட்டுமே அது மூடியது. பிற்பாடு வந்த விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் முழுமையான மொழித் தொகுப்புகள் விலை உயர்ந்த பதிப்புகளுக்கே உரியவையாக இருந்தன. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல்தான் அவை பெரும்பாலான பதிப்புகளுக்கும் திறந்துவிடப்பட்டன. ஒருவன் தன் சொந்த யந்திரத்தின் பேச்சை முழுமையாக மாற்றிக்கொள்ளும் சௌகரியம், செல்வந்தர்க்குரிய அலங்காரப் பொருளாக இத்தனை வருஷம் விற்கப்பட்டது என்பது எனக்கு இன்றும் விசித்திரமாகவே படுகிறது.

அதற்குள் பழக்கம் வேரூன்றிவிட்டது. நம் ஊர் டி.டி.பி. கடைகளில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கும்பாபிஷேக அழைப்பும் நாள் முழுவதும் தமிழில் தட்டச்சாகும். தட்டச்சு செய்பவரின் கண் தேடும் பட்டியோ ஆங்கிலத்தில் இருக்கும், ஏனெனில் அவர் தொழில் கற்றபோது வேறு பட்டி கிடையாது. தமிழ் முகப்பைச் செய்தவர்களும் இந்தப் பழக்கத்தோடு சமாதானம் செய்துகொள்ளவே நேர்ந்தது. விசைகளால் பட்டியைத் திறக்கும் வழி ஆங்கில எழுத்துகளைப் பற்றியே அமைந்திருந்தபடியால், க்னோமின் தமிழ்ப் பட்டிகளில் ‘சேமி’ என்பதன் பக்கத்தில் ‘எஸ்’ என்னும் அந்த ஆங்கில எழுத்தையும் விடாமல் எழுதி வைத்தார்கள்.