கரும்புச் சக்கையும் மலை அருவியும்: கள்ளக்குறிச்சியை முன்வைத்துப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கல்வி குறித்து ஓர் ஆய்வு

1. களமும் கருத்தும்

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. கிழக்கே கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் சமவெளி. மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன். வெள்ளிமலை அதன் வட்டத் தலைமையிடம். மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த இம்மலை 1976இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சாலையும் பள்ளியும் மின்கம்பியும் இங்கே பிந்தி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கருவியை நிறுவுவதோடு நம் ஆற்றல் கல்வி முடிந்துவிடுகிறது. கல்வராயன் போன்ற இடத்தில் சிக்கலே நிறுவிய பிறகுதான் தொடங்குகிறது. சமவெளியையும் மலையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

2. சமவெளி

2.1 சக்கை

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறக்குறைய 300 கிலோ சக்கை மிஞ்சும். அதில் பாதி ஈரம். அதை எரித்து நீராவி எடுத்து ஆலையை ஓட்டுவது பழைய வழக்கம். பழைய குறைந்த அழுத்தக் கொதிகலன்களில் ஆலையின் தேவைக்கு மட்டுமே மின்சாரம் கிடைக்கும். உயர் அழுத்தக் கொதிகலனுக்கு மாறினால் அதே சக்கையில் விற்பதற்கும் மின்சாரம் மிஞ்சும். இதுவே இணைமின் உற்பத்தி. தொழில்நுட்பம் தெரிந்ததுதான், முதலீடும், அரவைப் பருவம் முடிந்த பின் எதை எரிப்பது என்பதுமே கேள்விகள்.

2.2 கிழங்கு

மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கிழங்கைக் கழுவி அரைத்துப் பாலெடுத்த பின் மிஞ்சும் நார் திப்பி. அது மாட்டுத் தீவனமாகப் போகிறது. கழிவுநீர்தான் தொல்லை. புளித்து நாறும் அந்த நீரில் உள்ள கரிமப் பொருளைக் காற்றில்லாத் தொட்டியில் நொதிக்கவிட்டால் எரிவாயு கிடைக்கும். விறகும் உலை எண்ணெயும் மிச்சம். ஆனால் கிழங்கு வரத்து நின்று ஆலை மூடினால் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். மறுபடி உயிர்ப்பிக்க வாரக்கணக்கில் ஆகும். ஜவ்வரிசி காயும் வெயில் களத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதுவும் ஒரு பழைய சூரிய ஆற்றல் தொழில்நுட்பம்தான் என்றாலும் எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

3. மலை

3.1 பணக்கணக்கு பொருந்தாமை

சூரியத் தகட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் மின்கட்டணம் குறையும் என்பது. தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர்களுக்கு மின்சாரம் இலவசம். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி என்று வாழும் மலைக் குடும்பத்துக்குக் கட்டணமே பெரிதாக வராது, எதை மிச்சப்படுத்துவது? அங்கே தேவை சிக்கனமல்ல, நம்பகம். காற்றிலும் மழையிலும் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் சரிசெய்ய ஆள் மலையேற வேண்டும். அந்த இரவுகளுக்குத்தான் மாற்று வேண்டும்.

3.2 பருவங்களின் எதிரெதிர்ப் போக்கு

அப்படிப்பட்ட மழைநாட்களில் வெயில் இருக்காது. மலையில் ஐந்தாறு டிகிரி குளிர்ச்சி கூடுதல் என்பதால் தகடு சமவெளியைவிட இரண்டு சதவீதம் போலக் கூடுதலாகத் தரலாம். மேகமும் மூடுபனியும் அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

ஆனால் வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடியிருக்கும்போது மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் நீர் கொட்டும். கோமுகி, மணிமுக்தா ஆறுகளுக்கு நீர் தரும் மலை இது. ஓர் ஓடையில் விநாடிக்கு 50 லிட்டர் நீர் 40 மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். 60 சதவீதத் திறனுள்ள சிறு சுழலி அதிலிருந்து ஏறத்தாழ 12 கிலோவாட் தரும். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 280 யூனிட். ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் தரும் என்று கொண்டால், இதை ஈடுகட்ட 70 கிலோவாட் தகடு வேண்டும். கோடையில் நீர் விநாடிக்கு ஐந்து லிட்டராகச் சுருங்கினால் சுழலி ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல்தான் தரும். அதுவும் பாசனத்துக்கும் குடிப்பதற்கும் வேண்டிய நீர். அப்போது வெயில் தாராளம். இந்த மலைக்கு நீரும் வெயிலும் சேர்ந்த கலப்பு அமைப்பே பொருந்தும் என்பது என் கணிப்பு. அதை வடிவமைக்க ஆண்டு முழுவதும் ஓடை நீரை அளந்த குறிப்பு வேண்டும். ஒரு கல்விப் பருவத்துக்குள் முடித்தாக வேண்டிய மாணவர் திட்டப்பணியில் அது நடக்காது.

3.3 பராமரிப்பு

2011-12இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து சூரிய விளக்குகள் தரப்பட்டன. நல்ல திட்டம். ஆனால் தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். ஈய-அமில மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டில் ஓய்ந்துவிடும். அந்த வேறுபாட்டை நிரப்ப ஊரிலேயே ஒருவர் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும், மாற்று மின்கலம் கிடைக்கும் கடை வேண்டும். எந்தப் பட்டப்படிப்பும் இந்த மூன்றையும் பாடமாக வைத்து நான் பார்க்கவில்லை.

4. பல்கலைக்கழகம் கற்பிப்பது

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பொறியியல் துறை உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆற்றல் ஆய்வு நிறுவனம் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பசுமை ஆற்றல் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம். ஆசிரியர்களுக்கும் குறைவில்லை, கருவிகளுக்கும் குறைவில்லை. ஆயினும் பட்டதாரி போய்ச் சேரும் இடம் பெரிய சூரியப் பூங்காவும் காற்றாலை நிறுவனமும்தான். கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் அவருக்கு வேலை உண்டு, கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரில் இல்லை.

இதற்கு மாறான முன்மாதிரி பழையது. டென்மார்க்கின் அஸ்கோவ் கிராமக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் பவுல் ல கூர் 1891இல் மின்சாரம் தரும் காற்றாலை ஒன்றை நிறுவினார். அதைவிட முக்கியம், 1900களின் தொடக்கத்தில் அங்கே கிராம மின்பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியது. அதில் பயின்ற யோஹானஸ் யூல் பிற்காலத்தில் 200 கிலோவாட் கெட்சர் காற்றாலையை வடிவமைத்தார். ஊர் மின்பணியாளர் படிப்பிலிருந்துதான் அந்நாட்டுக் காற்றாலைத் தொழில் வேர்விட்டது. நம் பக்கத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடனில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. அது ஊராட்சியின் சாதனை. பல்கலைக்கழகத்தின் பங்கு என்று அதில் சொல்ல எதுவுமில்லை.

5. ஒரு ஹெக்டேர்

கலப்பு அமைப்போ பயிற்சி மையமோ, மலையில் எதை அமைப்பதற்கும் வனநிலம் குறுக்கே வரும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2) இதற்கு வழி வைத்திருக்கிறது. அரசு நிர்வகிக்கும் சில வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராமசபையின் பரிந்துரை வேண்டும். அந்தப் பட்டியலில் மரபுசாரா ஆற்றல் நிலையம் இருக்கிறது. அடுத்த வரியிலேயே தொழிற்பயிற்சி மையமும் இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 500 கிலோவாட் தகடு வைக்கலாம். மலைச் சிற்றூர் எதற்கும் அவ்வளவு தேவைப்படாது.

அரசு நிர்வாகம் என்ற நிபந்தனையால் தனியார் நிறுவனமோ தனியார் கல்லூரியோ இந்த வழியில் நுழைய முடியாது; அரசுக் கல்லூரியோ தொழிற்பயிற்சி நிலையமோ ஊராட்சியோடு சேர்ந்துதான் வர வேண்டும். அப்படி வரும் மாணவர் ஓடையின் நீரளவு, வெட்ட நேரும் மரங்களின் எண்ணிக்கை, மின்கலம் மாற்ற ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய தொகை ஆகிய மூன்றையும் எளிய தமிழில் எழுதிக் கிராமசபை முன் வைத்து, அங்கே எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.