பழங்கற்படி

சிவாலயத் திருப்பணி இருவகைப்படும். கோயில் இல்லாத இடத்தில் புதிதாக எடுப்பது ஒன்று. முன்னோர் எடுத்த கோயில் பழுதுற்றவழி அதனைப் புதுக்குவது மற்றொன்று. பின்னதனைச் சீர்ணோத்தாரணம் என்று ஆகமங்கள் போற்றும். மயமதம் என்னும் சிற்பநூல் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. இவ்விரண்டனுள் புதுக்குதலே அரிது. என்னை? புதிதாக எடுப்போன் தன் கருத்தின்வழி எடுக்கிறான்; புதுக்குவோனோ முன்னோர் செய்த அறத்தையும் தன் தலைமேல் தாங்குகிறான்.

பண்டைக் கோயிற் சுவர் வெறுங் கல்லன்று. அஃது ஊரின் ஆவணக் களரி. நந்தாவிளக்கு ஒன்றுக்கு ஒருவர் வைத்த ஆடுகளும், திருவமுதுக்கு ஒருவர் விட்ட நிலமும், அவற்றைக் காக்க உடன்பட்ட சபையாரின் சொல்லும் அச்சுவரிலேயே பொறிக்கப்பட்டன. சுவரைப் பிரித்தால் ஆவணமும் அழியும். ஆவணம் அழிந்தால் நாளடைவில் விளக்கும் அவியும். இவ்விடரைச் சோழர் எங்ஙனம் கடந்தனர் என்பதற்கு இரண்டு தலங்கள் சான்று பகர்கின்றன.

முதலாவது, காவிரி வடகரையில் அப்பரடிகள் பாடிய திருக்கோடிகா. கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழனின் தாயாருமாகிய செம்பியன் மாதேவியார், பத்தாம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கற்றளியாக்கினார். அப்பொழுது பழங்கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரிற் பொறிப்பித்தார். பல்லவர் காலத்துச் சாசனங்களும் அவற்றுள் உள்ளன. தம் குலத்தார் அல்லாதார் செய்த அறம் என்று அவ்வம்மையார் அவற்றை நீக்கினாரல்லர். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்னும் குறிப்பு அங்கே காணப்படுகிறது. மூலம் இஃதன்று, படியே என உலகறியச் சொல்லும் நேர்மை அக்குறிப்பில் விளங்குகிறது.

இரண்டாவது, கொள்ளிட வடகரையில் மூவர் பாடலும் பெற்ற திருமழபாடி. முதலாம் இராசராசன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1013-இல், இக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்கவும், அதற்கு முன் கல்வெட்டுக்களைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும் ஆணையிட்டான். மறு ஆண்டிலேயே அம்மன்னன் மறைந்தான். எனினும் புத்தகம் காக்கப்பட்டது. அவன் மைந்தன் இராசேந்திரனின் பதினான்காம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026-இல், அச்சாசனங்கள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. ஆணையிட்டவன் இல்லாதபோதும் ஆணை நிறைவேறிற்று. பதின்மூன்றாண்டு ஏட்டில் இருந்த அறம் மீண்டும் கல்லேறிற்று.

இக்காலத் திருப்பணிகளில் இந்நெறி மறக்கப்பட்ட இடங்களும் உண்டு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விட்டுச் சுவரைக் காக்கும். அதன்மேற் பூசிய சிமெண்டோ ஈரத்தை உள்ளே தேக்கிக் கல்லையும் செங்கல்லையும் அரிக்கும். மணலை விசையுடன் வீசிக் கல்லைத் துலக்கும் முறை எழுத்துக்களைத் தேய்த்தமையால் அரசினர் அதனை விலக்கினர். நன்னெறிக்குச் சான்றும் நம் காலத்திலேயே உண்டு. கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலை மரபுவழியிற் புதுக்கிய திருப்பணி, 2024-ஆம் ஆண்டுக்குரிய யுனெசுகோ ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளுள் ஒன்றைப் பெற்றது.

ஆதலின், திருப்பணி செய்வோர் ஒரு கல்லைப் பெயர்க்குமுன் அதன் எழுத்தைப் படியெடுத்தல் வேண்டும். பெயர்த்த கல்லை அதன் இடத்திலேயே அமைத்தல் வேண்டும். குடமுழுக்கு நீர் விமானத்தின்மேற் சொரியும்போது, இன்று பொருளீந்தாரோடு, ஆயிரமாண்டுக்குமுன் ஒரு விளக்கு வைத்தாரும் அப்பயனைப் பெறுதல் வேண்டும். அதுவே புதுக்குதலின் நிறைவு. திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.