யாருக்காக எழுதப்பட்டது நீலகிரி? மன்றோ, மெக்காலே குடும்பக் கடிதங்களைக் கொங்குநாட்டிலிருந்து வாசித்தல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குடும்பக் கடிதங்களை நம் வட்டார வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இடத்துக்கான சாட்சியமாகவே எடுத்தாள்கிறார்கள். உதகையின் குளிரைப் பற்றி ஒரு வரி, மலைப்பாதையைப் பற்றி ஒரு வரி எனத் தேவையானதை மட்டும் பெயர்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அரசு அறிக்கை மறைப்பதை மனைவிக்கு எழுதிய கடிதம் வெளிப்படுத்தும் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. அந்த நம்பிக்கை எனக்கில்லை. கடிதத்துக்குள் ஓர் இடம் எந்த உருவில் வர வேண்டும் என்பதை, அதைப் பெறுபவரின் கவலையே முடிவு செய்தது.

தாமஸ் மன்றோவை எடுத்துக்கொள்வோம். அவர் கிளாஸ்கோ வணிகர் ஒருவரின் மகன். 1814இல் அவர் மணந்த ஜேன் கேம்பல், ஸ்காட்லாந்தின் எயர்ஷயர் நிலக்கிழார் குடும்பத்துப் பெண். 1826இல் இளைய மகனின் உடல்நிலை காரணமாக ஜேன் கப்பலேறிவிட, சென்னை கவர்னர் தனித்திருந்தார். மனைவியும் குழந்தையும் இல்லாத கிண்டித் தோட்டத்தின் வெறுமையை அவர் எழுதியிருக்கிறார். அவ்வாண்டு செப்டம்பரில், ஜான் சல்லிவன் கோவை கலெக்டராக இருந்தபோது, மன்றோ நீலகிரிக்குச் சென்றார். அங்கிருந்து மனைவிக்கு எழுதும்போது கனத்த மேலங்கியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், பேனாவைப் பிடிக்க முடியாமல் விரல்கள் விறைத்துப்போவதையும், குளிருக்கு அஞ்சிப் படுக்கைக்குப் போகத் தயங்குவதையும் சொல்கிறார்.

இந்தக் குளிரை வானிலைக் குறிப்பாக வாசித்தால் கடிதத்தின் பாதி போய்விடும். ஜேன் சென்னை வெயிலில் வாழ்ந்தவர். அந்த வெயில் தம் குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அறிந்தவர். குளிரில் நடுங்கும் கணவர் என்பது அவருக்கு ஆறுதலான செய்தி. மன்றோ அந்த ஆறுதலைத்தான் அனுப்பினார். ரயத்துவாரி முறையை நிலைநாட்டிய அவருக்குக் கொங்கு மண்ணின் தரமும் தீர்வையும் அத்துப்படி. அவற்றை அந்தக் கடிதத்தில் எழுத அவசியம் இருக்கவில்லை.

1800இல் கோயமுத்தூர்ப் பகுதி வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானனின் நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி சென்றவர் அவர். 1807இல் அந்நூல் அச்சேறியது. கிணற்றுப் பாசனம், பயிர்கள், நெசவு என்று ஊர் ஊராக விசாரித்து எழுதியிருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சமவெளி தேவைப்பட்டது, குடும்பத்துக்கு மலை போதுமாயிருந்தது. என் வாதத்துக்கு எதிரான சான்றும் ஒன்று உண்டு. 1790களில் பாராமகாலில் பணியாற்றியபோது மன்றோ தம் தங்கை எர்ஸ்கினுக்குத் தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பற்றி ஆசையோடு எழுதினார். அதாவது சமவெளியும் கடிதத்துக்குள் வரும். தங்கை மனக்கண்ணில் காணக்கூடிய தோட்டமாக வரும்.

அஞ்சலின் நடைமுறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1840க்கு முன் பிரிட்டனில் தாள் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் ஏற்ப அஞ்சல் கட்டணம் ஏறும்; பெரும்பாலும் பெறுபவரே கட்டுவார். எழுதி முடித்த தாளைத் திருப்பி, வரிகளுக்குக் குறுக்கே மீண்டும் எழுதுவது அதனால்தான். நாடாளுமன்ற உறுப்பினரின் கையெழுத்து இருந்தால் கட்டணமே இல்லை. செல்வாக்குள்ள குடும்பங்கள் இந்தச் சலுகையை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. வந்த கடிதம் ஒருவரோடு நிற்காது. கூடத்தில் உரக்க வாசிக்கப்பட்டு, சகோதரிகளின் வீடுகளுக்கும் போகும். எழுதியவருக்கு இது தெரியும்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கப்பலில் கடிதம் போய்ச்சேர நான்கைந்து மாதங்கள் பிடித்தன. 1834இல் உதகையில் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைச் சந்திக்கச் சென்ற மெக்காலே, அந்த டிசம்பர் 7ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து தங்கை மார்கரெட்டுக்கு, இன்னொரு தங்கை ஹன்னாவின் திருமணம் நிச்சயமானதை எழுதினார். மார்கரெட் ஆகஸ்டிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டிருந்தார். மன்றோவோ 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். அவர் கடைசியாக எழுதியவை ஜேனின் கைக்குக் கிடைத்தபோது மன்றோ உயிரோடில்லை. இத்தகைய தாமதத்தை அறிந்து எழுதுபவர்கள், ஐந்து மாதம் கழித்துப் படித்தாலும் கலக்கம் தராத செய்தியையே தேர்ந்தெடுப்பார்கள். மலைக்குளிர் அப்படிப்பட்ட செய்தி.

பதிப்பாசிரியர்களின் கையும் இதில் உண்டு. மன்றோவின் கடிதங்களை ஜி. ஆர். கிளெய்க் 1830இல் வெளியிட்டார். மெக்காலேயின் கடிதங்களை ஹன்னாவின் மகன் ஜார்ஜ் ஓட்டோ டிரெவெல்யன் 1876இல் பதிப்பித்தார்; தாமஸ் பின்னியின் ஆறு தொகுதிகள் 1974 முதல் 1981 வரை வந்த பிறகே அவற்றின் முழு வடிவம் நமக்குக் கிடைத்தது. வெட்டப்பட்ட பதிப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது இனி முறையாகாது.

மன்றோவின் தாள்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கோவை மாவட்ட வருவாய் ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். அந்தக் கடிதங்களைச் சுமந்த தபால் ஓட்டக்காரர்களையும், துரைமார்களை மலையேற்றிய பல்லக்குத் தூக்கிகளையும் தேட வேண்டிய இடம் எழும்பூர்தான். ஒரே ஆண்டின் கடிதத்தையும் கணக்கையும் அருகருகே வைத்துப் படிக்கும் வேலையைக் கோவை ஆய்வாளர்களே மேற்கொள்ள வேண்டும். 1826 செப்டம்பரிலிருந்து அதைத் தொடங்கலாம்.