தீக்காயமும் லேசர் டாப்ளர் படமெடுப்பும்

லேசர் டாப்ளர் படமெடுப்பு என்பது தீப்பட்ட தோலின் நுண்குழாய்களில் ஓடும் ரத்தத்தை ஒளியால் அளந்து, புண் எத்தனை நாளில் ஆறும் என்று கணிக்க உதவும் மருத்துவ முறை.

தேவை

மேல்தோலோடு நின்ற காயமும், தோலை முழு ஆழத்துக்கும் எரித்த காயமும் பார்த்ததுமே பிடிபட்டுவிடும். சிக்கல் இடைப்பட்ட காயங்களில்தான். அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்கிறதா, ஊசியால் தொட்டால் வலிக்கிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. இதில் அனுபவமிக்க மருத்துவர்களின் கணிப்பும் ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காடே சரியாக அமைகிறது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணில் தடித்த தழும்பும் தோல் சுருக்கமும் ஏற்படும் வாய்ப்பு அதிகம்; அத்தகைய புண்ணுக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்படும். கணிப்புத் தவறினால் தேவையற்ற அறுவையோ வீண் தாமதமோ நேரும்.

இயங்கும் விதம்

நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்பதை ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விளக்கினார். தோலுக்குள் புகும் லேசர் ஒளி, ஓடும் சிவப்பணுக்கள்மீது பட்டுச் சிதறும்போது அதன் அதிர்வெண்ணும் சிறிது மாறுகிறது. இந்த மாற்றத்தைக் கருவி வண்ணப் படமாக்குகிறது. சிவப்பு மிகுந்த ரத்த ஓட்டத்தைக் குறிக்கும். அப்பகுதி 14 நாளுக்குள் ஆறக்கூடும். நீலம் குறைந்த ஓட்டத்தைக் குறிக்கும். அங்கே 21 நாளுக்கு மேலாகும்.

செய்முறை

கட்டைப் பிரித்து, பூசிய மருந்தைத் துடைத்தபின், காயத்தைத் தொடாமல் தள்ளி நின்று படமெடுப்பர். முதல் இரண்டு நாளில் ரத்த ஓட்டம் நிலையாக இராது. எனவே காயம்பட்ட 48 மணி நேரத்துக்குப் பின், ஐந்து நாளுக்குள் எடுப்பதே ஏற்றது. அப்போது துல்லியம் 95 விழுக்காட்டைத் தாண்டியதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

வரம்புகள்

குழந்தை அழுது அசைந்தாலே படம் கெடும். கிருமித்தொற்று, பச்சை குத்திய தோல், எஞ்சிய களிம்பு, கை கால்களின் வளைந்த ஓரங்கள் ஆகியவையும் அளவைப் பிறழச் செய்யும்.

பிற முறைகள்

தோலின் வெப்பத்தைப் பதியும் வெப்பப் படமெடுப்பு, இண்டோசயனின் பச்சைச் சாயத்தைச் சிரைவழி செலுத்தி எடுக்கும் ஒளிர்படம், லேசர் புள்ளிக்கோலப் படமெடுப்பு ஆகியனவும் உண்டு.

ஏற்பு

மருத்துவ முறைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு, அனுபவமிக்க மருத்துவர் பரிசோதித்த பின்னும் ஆழம் ஐயத்துக்குரியதாக இருக்கும் காயங்களுக்கு இம்முறையை 2011இல் பரிந்துரைத்தது. ஆகவே இப்படம் மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்குத் துணையே, மாற்று அன்று.