கேம்பர்வேனில் ஜெனரேட்டர்: பாதுகாப்பாக இணைப்பது எப்படி?

விடுமுறையில் நியூசிலாந்து போய் கேம்பர்வேன் எடுக்கத் திட்டமா? மின்சாரம் இல்லாத இடத்தில் தங்க, "சின்ன ஜெனரேட்டர் ஒண்ணு இருந்தா போதும்ல?" என்று தோன்றும். போதும்தான். ஆனால் இணைக்கும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் உள்ள பாதுகாப்பு வேனிலும் உண்டா?

மின்சாரம் கசிந்தால் உங்கள் தெம்பனிஸ் வீட்டில் உள்ள ஆர்சிசிபி கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட பழைய வீடுகளுக்கும் 2025 ஜூலை 1 முதல் அது கட்டாயம்.

வேனிலும் அதுபோன்ற கருவி இருக்கும். சிக்கல் ஜெனரேட்டரில்தான். பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் கம்பி எர்த்துடன் இணைந்திருக்காது. அப்போது மின்சாரம் கசிந்தாலும் கருவி துண்டிக்காமல் போகலாம். டெஸ்ட் பொத்தானை அழுத்தும்போது துண்டித்தால் கருவி இயங்குகிறது என்று மட்டுமே பொருள். எர்த் சரியாக இருக்கிறது என்று பொருளல்ல. "இந்த ஜெனரேட்டர் இந்த வேனுக்கு ஒத்துவருமா?" என்று வாடகை நிறுவனத்திடம் கேளுங்கள். நீங்களே கம்பியைப் பிரித்துப் பூட்டாதீங்க. அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

எவ்வளவு தாங்கும்?

தொடர்ந்து 2,000 வாட் தரும் ஜெனரேட்டரில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் மட்டுமே கிட்டத்தட்ட அத்தனையையும் இழுத்துவிடும். ஹீட்டரையும் கூடவே போட்டால் அவ்வளவுதான்! பெட்டியில் உள்ள உச்ச அளவைப் பார்த்து ஏமாறாமல், தொடர்ந்து தரும் அளவைப் பாருங்கள்.

எந்த வரிசையில் இணைப்பது?

1. வேனில் உள்ள எல்லாச் சாதனங்களையும் அணையுங்கள்.
2. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கேபிளை முழுவதும் விரியுங்கள். சுருட்டியே வைத்தால் சூடேறி உருகலாம்.
3. ஜெனரேட்டரை ஓடவிட்டு, சீரானதும் வேனின் வெளிப்புற இணைப்பில் மட்டும் பிளக்கைச் செருகுங்கள். இரு முனையிலும் பிளக் உள்ள கேபிளைச் செய்து உட்புற சாக்கெட்டில் செருகுவது உயிருக்கே ஆபத்து.
4. சாதனங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

நிறுத்தும்போது முதலில் சாதனங்கள், பிறகு பிளக், கடைசியில் ஜெனரேட்டர். அது ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றலாம். மழையில் நனையவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாமலேயே உயிர் போகலாம். குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வேனுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி வையுங்கள். மற்ற கூடாரங்களையும் கவனியுங்கள். படுக்கும் முன் ஜெனரேட்டரை நிறுத்திவிடுங்கள். வேனில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் "கார்ல வந்த களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள். எல்லாரையும் உடனே வெளியே கொண்டுவந்து உதவிக்கு அழையுங்கள். நியூசிலாந்தில் 111, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.