தேம்ஸ்ல மீன் திரும்பி வந்த கதை

லண்டன் தேம்ஸ் நதி செத்துப்போச்சுன்னு 1957-ல நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் சொல்லிடுச்சு. சாக்கடைக் கழிவைத் தின்ன பாக்டீரியா, தண்ணீரில் இருந்த ஆக்ஸிஜனையும் காலி பண்ணிடுச்சு. மீன் எப்படி மூச்சு விடும்?

1951-ல வந்த நதி மாசுச் சட்டம், கடல்நீர் ஏறி இறங்குற பகுதியைப் பெரும்பாலும் தொடவே இல்லை. 1960-லதான் அங்கேயும் புதுக் கழிவுக்கு அனுமதி வாங்கணும்னு ஆச்சு. ஆனா என் கணக்குல, நதியைக் காப்பாத்தினது பெக்டன், கிராஸ்னெஸ் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொட்டின காசு.

சரி, மீன் வந்துச்சுன்னு எப்படித் தெரிஞ்சது? இதுதான் செம. அனல்மின் நிலையங்கள் இயந்திரத்தைக் குளிர்விக்க ஆத்துத் தண்ணியை உறிஞ்சும். வடிகட்டி வலையில மீன் மாட்டும். மியூசியத்தின் ஆல்வின் வீலர் 1960-கள்ல அதையே சேகரிச்சு அடையாளம் பார்க்க ஆரம்பிச்சார். ஓசி சென்சார்! லிஸ்ட் நீண்டுகிட்டே போச்சு. 1974 நவம்பர்ல வெஸ்ட் துர்ராக் நிலையத்தில ஒரு சால்மன் மாட்டுச்சு, சுமார் 140 வருஷம் கழிச்சு.

நாடே கொண்டாடுச்சு. 1979-லிருந்து சால்மன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தாங்க. இன்னிக்கு நூத்துக்கும் மேல மீன் இனங்கள் தேம்ஸ்ல இருக்கு. சால்மன் மட்டும் அங்க தானா பெருகவே இல்லை.