சித்திரலேகாவின் வரவு செலவு

அடூர் கோபாலகிருஷ்ணன்னாலே எல்லாரும் படங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். எனக்கு அதே அளவு முக்கியமாகப் படுவது சித்திரலேகா. 1965-இல் புனே திரைப்படக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு, குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலான நண்பர்களுடன் திருவனந்தபுரத்தில் அவர் தொடங்கிய திரைப்படச் சங்கம்.

மலையாளப் படங்கள் பெரும்பாலும் சென்னை ஸ்டுடியோக்களை நம்பியிருந்த காலம் அது. நல்ல படங்களைக் காட்டினால் மட்டும் போதுமா, எடுக்கவும் வேண்டாமா? அதற்காகவே கூட்டுறவுச் சங்கமும் அமைத்தார்கள்.

1972-இல் வந்த 'சுயம்வரம்' படத்துக்கு ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் தந்த கடன் 1.5 லட்சம் ரூபாய். மீதியை ஆவணப்படங்கள் எடுத்துச் சேர்த்தார்கள். முதல் வெளியீட்டில் கூட்டம் வரவில்லை. 4 தேசிய விருதுகள் கிடைத்து, மறுபடி திரையிட்டபோதுதான் கடனை அடைக்க முடிந்தது.

விருது வராமல் போயிருந்தால்? ரசனையை வளர்க்கும் அமைப்பின் வரலாற்றை எழுதும்போது, அதன் கடன் கணக்கையும் சேர்த்துத்தான் எழுதணும்.